நாலு பெட்டிக்கு நடுவே ஒரு நாற்காலி

சுமதி,

நீ பம்பாய் போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது. உன் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்கின்றன. குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர், துணி காயப்போட இடமில்லை, மாப்பிள்ளைக்குப் புளிக்குழம்பு பிடிக்கவில்லை, இதையெல்லாம் எனக்கு எழுதுகிறாய். அப்பாவுக்குத் தனியாக ஒரு தாள் எழுதி, நாலாக மடித்து, அதே உறைக்குள் வைக்கிறாய். அவர் அதை ஜன்னல் பக்கம் போய் நின்று படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். சட்டையைத் துவைக்கப் போடும்போது நான்தான் அதை எடுத்து மேஜை மேல் வைக்கிறேன். ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லலாமே என்றுதான் இன்றைக்கு மத்தியானம் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு பார்த்தால், சொல்ல வேண்டியது அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு அம்மா எழுதும் கடிதத்தில் என்னென்ன இருக்கும் என்று உனக்குத் தெரியும். மாமியாரிடம் எப்படி நடந்துகொள்வது, அவசரத்துக்கு என்ன சமைப்பது, இப்படி. இதில் அது கொஞ்சம்தான் இருக்கும். நான் உன்மேல் பொறாமைப்படுகிறவள். பெற்ற பெண் மேலா என்று யார் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வேன். நீ உன் வீட்டுக்குப் போன பிறகு அது அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது முன்னைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் சிலதைச் சொல்ல வேண்டும். அதில் பாதி உனக்கே தெரிந்ததுதான், ஆனால் நீ பார்த்தது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தது சமையலறை வாசலில் நின்றுகொண்டு.

உன் அப்பா கப்பலில் ரேடியோ ஆபீசர் என்று தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். தியாகராய நகரில் பாத்திரக் கடையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெண்கலச் சத்தம் தெரியும், கடல் சத்தம் தெரியாது. வருஷத்தில் ஒன்பது பத்து மாதம் அவர் தண்ணீரில். மீதி இரண்டு மாதம்தான் ராஜா அண்ணாமலைபுரத்தில், இந்த வீட்டில், என்னோடு. அந்த இரண்டு மாதத்தை நான் எப்படிச் சேர்த்துச் சேர்த்து வைத்துச் செலவழிப்பேன் என்று உனக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை. நீ பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளில் இருந்த காலம், அறுபதுகளின் கடைசி. வீட்டில் ஒரே ஒரு ரேடியோகிராம். அவர் துறைமுகம் துறைமுகமாக வாங்கி வந்த இசைத்தட்டுகளை மாலையில் போடுவார். நீ தூங்கிவிடுவாய் அல்லது எதிர்வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பாய். நானும் அவரும் பிரம்பு சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். எனக்கு இங்கிலீஷ் பாட்டு ஒரு வரி புரியாது. அவர் சொல்லுவார்.

"அவன் பொண்டாட்டி ரயிலேறிப் போயிட்டாளாம். அதான் இந்த அழுகை."

"ஏன் போனாளாம்?"

"அதைப் பாட்டுல சொல்லலை."

"இவன் என்ன பண்ணினான்னு அவளைக் கேட்டாத் தெரியும்."

அதற்கு அவர் சிரிப்பார். ஒரே பெட்டியிலிருந்து பாட்டு வந்த காலம் அது. வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். சமையலறையில் நின்று கேட்டாலும் நானும் கேட்டவள்தான்.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அந்த ஜப்பான் செட் வந்தது. துறைமுகத்திலிருந்து இரண்டு டாக்சியில் கொண்டுவந்து இறக்கினார். ஆளுயரத்தில் பாதி வரும் நாலு மர ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு தட்டு சுழலும் பெட்டி, விளக்குகள் எரியும் இன்னொரு பெட்டி, அந்த ஊர் கரண்டு வேறு என்பதால் எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர். ஹாலின் நாலு மூலைக்கும் நாலு பெட்டி போனது. என் தையல் மெஷின் படுக்கையறைக்குப் போனது. பிரம்பு சோபா வராந்தாவுக்குப் போனது. அதைத் தூக்கும்போது ஒரு பக்கத்தை நான்தான் பிடித்தேன். வீட்டு வேலைக்கு வந்த கன்னியம்மா துடைப்பத்தோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நாலு மூலையிலயும் காவலுக்கு ஆள் நிக்கிற மாதிரி கீது. நான் எங்க பெருக்கறது?" என்றாள்.

செட்டுக்காக வந்த இசைத்தட்டுகளைப் பார்த்தேன். பல வருஷமாக நம் வீட்டிலிருந்த அதே தாடிக்காரர்கள், அதே டிரம்பெட்காரர், அதே அட்டைப் படம். மூலையில் மட்டும் புதிதாக ஒரு முத்திரை.

"இதெல்லாம்தான் இருக்கே. எதுக்குத் திரும்ப வாங்குனீங்க?"

"அது வேற, இது வேற. அதே பாட்டுதான். ஆனா ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பிரிச்சு, நம்மளைச் சுத்தி நாலு பக்கமும் வச்சிருக்கான். அன்னிக்கு அவங்க பாடின ரூமுக்குள்ள நாம போய் உக்காந்த மாதிரி இருக்கும்."

நாலு பெட்டியிலிருந்தும் கயிறு பிடித்த மாதிரி அளந்து, நடுவில் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டார். அதன் கால்களைச் சுற்றி சாக்பீசால் தரையில் வட்டம் போட்டார். அங்கே உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்கும், ஒரு அடி தள்ளினாலும் போச்சு என்றார். புதுப்பொருளை முதலில் எனக்குக் காட்டுவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கும் என்னைத்தான் முதலில் உட்காரவைத்தார், நீ மறந்திருப்பாய். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பாட்டு ஆரம்பித்தது. "இப்ப அந்த கிடார் எங்கேருந்து வருது, சொல்லு" என்றார். எனக்கு கிடார் எது, மற்றது எது என்றே தெரியாது. பின்னாலிருந்து ஏதோ வந்து தோளைத் தொட்டதுபோலத் திடுக்கிட்டேன். "எல்லாம் இங்கேருந்துதான் வருது" என்று சொல்லிவைத்தேன். நீ சிரித்தாய். கெட்ட சிரிப்பு இல்லை, பதினாலு வயதுச் சிரிப்பு. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பாப்பா, நீ வந்து உக்காரு" என்றார். நான் எழுந்தேன். அதற்குப் பிறகு நான் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. இரண்டொரு தடவை கூப்பிட்டார். பால் பொங்கும் என்று சொன்னேன். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

அதிலிருந்து ஆறு வருஷம், அவர் ஊருக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அதே காட்சிதான். நீ நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அவர் உனக்கு இடது பக்கம் ஒரு முக்காலி போட்டு, உன் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

"இப்ப எங்க?"

"பின்னாடி இடது, அப்பா. தாளம் மட்டும்."

"இப்ப?"

"ஆர்கன் வலது பக்கம் ஆரம்பிச்சு அப்படியே பின்னால சுத்திக்கிட்டுப் போகுது. இடது மூலைக்கு வந்துருச்சு. அங்கயே நிக்குது."

நீ விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவாய். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மனிதர் இன்னொருவரை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. நான் சமையலறை வாசலிலிருந்து, "காப்பி ஆறுது" என்பேன். திரும்பமாட்டார். இன்னொரு தடவை சொல்வேன். திரும்பமாட்டார். நீ கண்ணைத் திறந்து அவர் கையைத் தொடுவாய். உடனே திரும்புவார். நான் இரண்டு தடவை கூப்பிட்டு நடக்காதது, நீ தொட்டால் நடக்கிறது. அந்தக் காப்பியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் நானே குடித்த நாட்கள் உண்டு.

எங்கள் கல்யாண நாள் ஒன்று அவர் ஊரில் இருக்கும்போது வந்தது. அது அபூர்வம். அடையாறுக்குப் போய் எலியட்ஸ் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று அவரே சொல்லியிருந்தார். நான் அரக்குச் சேலை கட்டி, பூ வைத்து, சமையலறை வாசலில் வந்து நின்றேன். உள்ளே பெரிய வாத்தியக் கோஷ்டி ஒன்று நாலு பக்கமும் முழங்கிக்கொண்டிருந்தது. "நான் ரெடி" என்றேன். பாட்டு முடியவில்லை. "நேரமாகுது" என்றேன். அவர் உன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தாய், அவர் கையைத் தொட்டாய், அவர் திரும்பி என் சேலையைப் பார்த்துப் பதறி எழுந்தார். நான் தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்குக் கடற்கரைக்கு யாரும் போகவில்லை. அடுத்த வாரம் அவர் கப்பலேறினார். அந்தப் பத்து மாதமும் எனக்கு அவர்மேல் இருந்ததைவிட உன்மேல்தான் கோபம் அதிகம். உன் பரீட்சைக்குப் பால் ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, உன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, இவளுக்கு மட்டும் எப்படி அவர் காது திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். புதுக் குடித்தனத்துக்கு எது வாங்கினாலும் வாங்கு. ஒரே ஒரு ஆள் மட்டும் சரியாக அனுபவிக்கக்கூடிய பொருளை வீட்டின் நடுவில் வைக்காதே. வைக்கும்படி ஆகிவிட்டால், யார் அதில் உட்காராமல் நிற்கிறார்கள் என்று தினமும் ஒரு தடவை திரும்பிப் பார். இன்னொன்று. மனசில் ஏதாவது உறுத்தினால் தலைவலி என்று சொல்லாதே. நான் ஆறு வருஷத்தில் சொன்ன தலைவலியெல்லாம் உண்மையாக இருந்திருந்தால் இன்றைக்கு எனக்குத் தலையே இருந்திருக்காது. "நான் கூப்பிட்டா ஏன் திரும்பமாட்டேங்கறீங்க" என்று ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் இருந்ததில்தான் இத்தனையும் வளர்ந்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்க இடம் வேண்டும் என்று நாலு பெட்டியையும் கழற்றிப் படுக்கையறையில் அடுக்கியிருந்தோம், நினைவிருக்கும். உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு பல நாள் அவர் அதைத் தொடவில்லை. ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக நீ முதலில் பிடித்தது அவர் கையை. அதையும் நான் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் அவராகவே பெட்டிகளை மூலைக்கு மூலை தூக்கிவைத்தார், ஒயரை மாட்டினார், நாற்காலியைப் போட்டார். ஞாயிறு காலை டிபன் சாப்பிட்டுவிட்டுப் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டு, தானே நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. நான் துணியை எடுத்துக்கொண்டு தூசி துடைக்க வந்தேன். பாட்டு ஓடும்போது அந்தப் பெட்டிகளைத் துடைத்தால் கையில் ஒரு அதிர்வு ஏறும். சமையலறைப் பக்கமிருந்த முன்பெட்டியில் அது இல்லை. காதை வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. அதே பக்கம் பின்னாலிருந்த பெட்டியிடம் போனேன். அதுவும் ஊமை. அந்தப் பக்க ஒயர் சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது. ஹாலில் பாதிப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் ரெண்டும் வேலை செய்யலையே" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. வழக்கமான கோபம் வந்தது. இந்தத் தடவை நான் உள்ளே போகவில்லை. நீதான் இல்லையே, கை தொட யார் இருக்கிறார்கள் என்று நானே போய் அவர் எதிரில் நின்றேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"இடது பக்கம் ரெண்டு பெட்டியும் பேசலை" என்றேன்.

"பேசுதே."

"காதை வச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணுமில்லை அதுல."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஒயரைப் பார்ப்பார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன். பெட்டியைப் பற்றித்தான் கேட்டேன்.

"எதைக் கேக்கற? பெட்டியையா, காதையா?" என்றார்.

அப்புறம்தான் எல்லாம் வந்தது. செட் வாங்குவதற்கு முந்தின பயணத்தில், பாரசீக வளைகுடாவில், காய்ச்சலும் காதுவலியுமாக விழுந்திருக்கிறார். சரக்குக் கப்பலில் டாக்டர் ஏது. யாரோ சொட்டு மருந்து விட்டார்களாம். கரை சேருவதற்குள் சீழ் வைத்து, இடது காதில் திரை கிழிந்து, உள்ளேயும் கெட்டுப்போய், சுத்தமாகப் போய்விட்டது. கப்பலுக்கு வரும் தந்தியைக் கேட்டு எழுதுகிற ரேடியோ ஆபீசருக்குக் காதுதான் சோறு. வெளியே சொன்னால் இறக்கிவிடுவார்கள். மருத்துவப் பரிசோதனையில் ஒவ்வொரு காதாக விரலால் மூடிக்கொள்ளச் சொல்லி, பின்னால் நின்று மெதுவாகப் பேசிப் பார்ப்பார்களாம். நல்ல காதை மூடச் சொல்லும்போது லேசாக மூடிக்கொள்வாராம். மறுவருஷம் யோகோஹாமாவில் ஒரு கடைக்குள் போனபோது நாலு பெட்டிக்கு நடுவில் உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். சத்தம் சுற்றி வந்ததும் இடது காது திரும்பிவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தாராம். "கையால மூடிப் பார்த்தேன். திரும்பலை. ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வாங்கிட்டேன்" என்றார்.

நான் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனசு இளகிப்போய் இருந்தது. இத்தனை வருஷக் கோபமும் கரைந்து ஓடத் தயாராக இருந்தது. "யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டேன். தனியாகச் சுமந்தாரே என்ற பரிதாபத்தில் கேட்டது.

"பாப்பாவுக்குத் தெரியும்" என்றார்.

சுமதி, அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் இளகினது எல்லாம் அப்படியே உறைந்தது. வாங்கிய முதல் மாதமே நீ கண்டுபிடித்துவிட்டாயாம். இடது பக்கம் என்று சொல்லி நீ கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகம் மாறியிருப்பதைப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு இந்தப் பக்கம் கேக்கலையா?" என்று கேட்டாயாம். அவர் ஒப்புக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதே. பயந்துருவா. கப்பலுக்குப் போக விடமாட்டா" என்றாராம். நீ தலையாட்டினாயாம். பதினாலு வயதில் கேட்க வேண்டியதைக் கேட்டாய். நான் நாற்பதுக்குக் கிட்டே இருந்து கேட்கவில்லை. அதோடு, ஆறு வருஷம் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே அதை வாய்க்குள் வைத்திருந்தாய்.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. சமைத்தேன், பரிமாறினேன். பழசையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். லஸ் முனையில் நடக்கும்போது அவர் என்னை எப்போதும் வலது பக்கம் மாற்றிக்கொள்வார். வண்டி வாகனத்திலிருந்து காப்பாற்றுகிறார் என்று அக்காவிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். அது பிரியமா, காதா? சமையலறை வாசல் அந்த நாற்காலிக்கு இடது பக்கம். நான் நின்று கூப்பிட்டதெல்லாம் செத்துப்போன காதில். முக்காலியை உனக்கு இடது பக்கம் போட்டது உன் குரல் வலது காதில் விழுவதற்கு. நீ சொன்ன இடது அவருக்கு இல்லாத இடது. உன் விரல் வழியாகத்தான் அவர் பாதி உலகத்தைக் கேட்டிருக்கிறார். இதெல்லாம் தெரிந்ததும் பொறாமை போயிருக்க வேண்டும். எனக்கு அது இரட்டிப்பானது. முன்பு நீ அவருக்குப் பிரியமான பெண் என்பதற்காகப் பட்டேன். இப்போது, அவருக்குப் பயன்பட்டவள் நீ, நான் இல்லை என்பதற்காகப் படுகிறேன்.

நாலாம் நாள் பேசினேன். அடுத்த பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"இனிமே போக வேண்டாம்" என்றேன்.

"இதுக்குத்தான் சொல்லலை."

"உயிருக்கு ஏதாவது ஆனா?"

"ஆறேழு வருஷமா ஆகலையே. ஹெட்போன் வச்சா வலது காது போதும். எனக்கு வேற வேலை தெரியாது. கரையில உக்காந்து நான் என்ன பண்ணட்டும்?"

அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. போகக்கூடாது என்று நான் உட்கார்ந்துவிட்டால் போகமாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றிப் போட்ட கணக்கு சரியாகிவிடும். அம்மா பயந்துவிடுவாள், விடமாட்டாள். மகள் விட்டாள், மனைவி விடவில்லை. இதை நல்ல மனசு என்று நினைக்காதே, சுமதி. உன்னைவிட ஒரு படி கீழே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "போங்க. ஆனா ரெண்டு விஷயம்" என்றேன். ஒன்று, காதைப் பற்றிக் கம்பெனி டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கப்பலில் இருக்கிற மற்றவர்களுக்கும் வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொன்று, நானும் கூட வருவேன்.

ஆபீசர்களின் மனைவிமார் கூடப் பயணம் போகலாம் என்று அவர்கள் கம்பெனியில் உண்டு. அவர் பல தடவை கேட்டிருக்கிறார். உன் பள்ளிக்கூடம், உன் காலேஜ், உன் பரீட்சை என்று நான்தான் தட்டிக்கழித்தேன். இப்போது தட்டிக்கழிக்க ஒன்றுமில்லை. அவர், "உனக்கு வாந்தி வரும்" என்றார். "வரட்டும்" என்றேன்.

மயிலாப்பூரில் ஒரு காது டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். இடது காது போனது போனதுதான், வலது காது இருபது வயதுப் பையனுடையது மாதிரி இருக்கிறது என்றார். கம்பெனி டாக்டர் முதலில் கடுமையாகத் திட்டினாராம். பிறகு வலது காதை நன்றாகச் சோதித்துவிட்டு, கேப்டனிடமும் கேட்டுவிட்டு, இந்த ஒரு பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு ரேடியோக்காரரும் கூட வருகிறார். அதற்கப்புறம் கரையில்தான் வேலை என்று முடிவாகிவிட்டது. அவருக்கு வருத்தம்தான். ஆனால் வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் எப்போதும் விறைத்திருக்கும் அவர் தோள் கொஞ்சம் தளர்ந்திருந்ததைக் கவனித்தேன். இத்தனை நாள் ஒளித்துவைத்திருந்ததன் பாரம் அதில் இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை உன்னிடம் எதையாவது ஒளித்தால் அதைக் காவல் காக்காதே. உனக்கு அது பெருமையாக இருக்கும். அவருக்கு அது பாரமாகவே இருக்கும்.

இப்போதெல்லாம் சாயங்காலம் அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். ஒயரைச் சரிசெய்தாயிற்று. அவர் முக்காலியில். "இப்ப எங்க?" என்கிறார். எனக்கு வாத்தியத்தின் பெயர் தெரியாது. "பின்னால உங்க செத்த பக்கம் ஒருத்தி அரிசி புடைக்கிறா" என்கிறேன். "முன்னால ஜன்னலோரம் என் அப்பா கடையில அண்டாவை உருட்டறாங்க. இப்ப அந்த அரிசிக்காரி நடந்து வாசல் பக்கம் போறா." அவர் முக்காலியிலிருந்து விழுந்துவிடுவார் போலச் சிரிக்கிறார். நீ சொன்னபோது அவர் அமைதியாகக் கேட்டார். இப்படிச் சிரித்ததில்லை. நான் சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தவள், எனக்குத் தெரியும். இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று மறைக்கப் போவதில்லை.

செட்டை உனக்கு அனுப்பிவிடலாம், ரயிலில் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர் சொன்னார். நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். இது அவர் சொல்லி உனக்குத் தெரியவேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை கப்பல் கிளம்புகிறது. கன்னியம்மாவிடம் சாவி இருக்கும். "கப்பல்ல போய்க்கினு கீறப்ப மீன் வந்து எட்டிப் பாக்குமாம், பயப்படாதம்மா" என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். கொழும்பு போய்விட்டு, சரக்கு ஏற்ற பம்பாய்க்கு வருகிறோம். நாலு நாள் அங்கே நிற்கும். துறைமுகத்தில் எந்த வாசல், எப்படி உள்ளே வரவேண்டும் என்பதை அப்பா தனித்தாளில் எழுதுவார். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அவருக்கு நான் அங்கேயே புளி இல்லாத குழம்பு வைத்துத் தருகிறேன்.

அப்பாவுக்கு உன்னோடு தனியாகப் பேச இருக்கும். உனக்கும் இருக்கும். மாப்பிள்ளைக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி நான் மேலே போய்விடுகிறேன். ஒரு மணி நேரம் எடுத்துக்கொள். அதற்கு மேல் என்னால் முடியாது.

அம்மா